விசுவாசம் பிதிரார்ஜிதமா?

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த குழந்தையை, சில வாரங்கள் சென்றபின், வெள்ளைச் சட்டை அணிவித்து ஆலயத்துக்கு எடுத்துச் சென்று ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நிற்கும்போது, குருவானவர் கேட்கிற வினாக்களுக்கெல்லாம் விடை சொல்பவர்கள் பெற்றோரும் ஞானப் பெற்றோருமே; குழந்தையோ பெரும்பாலும் அழுதுகொண்டிருக்கும். தீமையை விட்டு விலகுவதாகவும் விசுவாசப் பிரமாணத்தை அங்கீகரிப்பதாகவும் அதன் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டு, அவ்வாக்கை அது தன் வாயாலேயே ஏற்றுக்கொள்ளும் திடப்படுத்தல் ஆராதனை வரைக்கும் அவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். நிலத்தையும் வீட்டையும் பத்திரம் எழுதிப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். பெயரையும் சாயலையும் பத்திரமில்லாமலே விட்டுச் செல்கிறோம். ஆனால் ஒருவன் இருதயத்தில் தேவனோடு கொண்டுள்ள உறவை இன்னொருவனுக்குக் கைமாற்ற முடியுமா, முடியாதெனில் இந்த வாக்குக்கும் காத்திருப்புக்கும் பொருள் யாது என்பது, சபை தோன்றிய நாள்முதல் தீர்ந்துபோகாத கேள்வி.

இக்கேள்விக்கு வெவ்வேறு காலத்தார் கூறிய விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எனக்குப் பட்டது ஒன்றுண்டு. பிள்ளையைப் பற்றிய விசாரணையாகத் தொடங்கும் இது, சிறந்த சிந்தையாளர் கையில் எப்போதும் பெற்றோரைப் பற்றிய விசாரணையாகத் திரும்பிவிடுகிறது. பிள்ளைக்குப் போதிப்பது என்ற கடமையைப் போதிப்பவனின் சொந்த ஆத்தும சாதனையாகக் கண்ட காலங்களில் அது உயிரோடிருந்தது. அதைப் பிறரிடம் ஒப்படைக்கத்தக்க ஒரு வேலையாகக் கண்ட காலங்களில், பிள்ளையின் நஷ்டத்தைக் காட்டிலும் பெற்றோரின் நஷ்டமே பெரிதாயிற்று.

வேதாகமத்தின் முறையும் இதுவே. உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் பிள்ளைகளுக்குத் தேவ கற்பனைகளைப் போதிக்கச் சொல்வதை மேற்கோள் காட்டாத பிரசங்கி இல்லை. ஆனால் அந்தக் கட்டளைக்கு முந்திய வசனத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: அவ்வார்த்தைகள் முதலாவது பெரியவனின் இருதயத்தில் இருக்கவேண்டும் என்கிறது அது. புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவின் கதை இன்னும் சுருக்கமானது. அவன் தகப்பன் கிரேக்கன். பவுல் அப்போஸ்தலன் அவனுடைய விசுவாசத்தின் வரலாற்றைச் சொல்லும்போது, பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்ற இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறான். அங்கே பள்ளியுமில்லை, பாடத்திட்டமுமில்லை.

ஆதிச் சபையில் இருவகை மனப்பான்மை இருந்தது. ஏறக்குறைய 200ஆம் ஆண்டளவில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், சிறு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படவேண்டாம், அவர்கள் கிறிஸ்துவை அறியத்தக்க வயதில் வரட்டும் என்று ஆலோசனை கூறினார். அந்தத் தாமதத்தின் பலனை அதே ஆப்பிரிக்காவில் அனுபவித்தவர் அகஸ்தீன். 354இல் பிறந்த அவருக்குக் குழந்தைப் பருவத்தில் சிலுவை அடையாளமும் உப்பும் இடப்பட்டன. சிறுவனாய் நோயுற்றபோது ஞானஸ்நானத்துக்கு ஆயத்தங்கள் நடந்து, நோய் தெளிந்ததும் அது ஒத்திவைக்கப்பட்டது. இனிச் செய்யப்போகிற பாவங்களுக்கு இடம் வைத்ததுபோலாயிற்றே என்று, பிற்காலத்தில் அவர் தம் அறிக்கைகளில் வருந்தினார். 387இல் மிலானில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும், அதே ஆண்டில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் தாய் மோனிக்கா 56ஆம் வயதில் மரித்ததும் யாவரும் அறிந்த செய்திகள். அந்தத் தாயின் கண்ணீரைப் பற்றியே நம் பிரசங்கிகள் பேசுகிறார்கள். என் கவனத்தை ஈர்ப்பது வேறொரு சிறு சம்பவம். ஆப்பிரிக்க வழக்கப்படி இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் கஞ்சியும் திராட்சரசமும் எடுத்துச் சென்று படைப்பது மோனிக்காவின் நெடுநாளைய அனுஷ்டானம். மிலானில் ஆயர் அம்புரோசியார் அதைத் தடைசெய்திருக்கிறார் என்று வாயிற்காவலன் சொல்ல, அந்த அம்மாள் மறுபேச்சின்றித் திரும்பிப் போனார். மகன் மாறவேண்டுமென்று அழுதுகொண்டிருந்த தாய் தாமும் அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தார் என்பதை அகஸ்தீன் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அழுகையைவிட இது அந்த மகன் உள்ளத்தில் அதிகமாகத் தங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

அதே தலைமுறையில் கீழ்த்திசைச் சபையின் பொன்வாயரான யோவான் கிறிசோஸ்தோம், வீண்பெருமையைக் குறித்தும் பெற்றோர் பிள்ளைகளை வளர்க்கும் முறையைக் குறித்தும் ஒரு சிறு கிரந்தம் எழுதினார். பிள்ளையின் ஆத்துமாவை அவர் ஒரு நகரமாகவும், கண், காது, நாவு முதலிய இந்திரியங்களை அதன் வாசல்களாகவும் பாவித்து, ஒவ்வொரு வாசலுக்கும் காவல் அமைக்கிறார். அவர் சொல்லும் போதனாமுறையில் ஒரு சமையற்கட்டின் வாசனை வீசுகிறது: இராப்போஜனம் முடிந்து பிள்ளை ஓய்ந்திருக்கையில் தகப்பன் காயீன் ஆபேல் கதையைச் சொல்லவேண்டும், மற்றொரு நாள் அதையே தாயும் சொல்லவேண்டும், பின்பு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைக்கவேண்டும், அப்புறம் அந்தப் பகுதி வாசிக்கப்படும் நாளில் அவனை ஆலயத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும், மற்றவர்க்குத் தெரியாததைத் தான் முன்னமே அறிந்திருக்கும் ஆனந்தத்தில் அவன் துள்ளுவான் என்கிறார். நரகத்தைக் குறித்து மட்டும் பதினைந்து வயதுக்குமுன் பேசவேண்டாம் என்பது அவருடைய கட்டளை. இந்த நிதானம் பின்வந்த பலருக்கு வாய்க்கவில்லை. 1671இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜேன்வே என்ற போதகர், பக்தியோடு மரித்த சிறுபிள்ளைகள் பதின்மூவரின் மரணப் படுக்கைகளை வருணித்து, பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே ஒரு நூல் வெளியிடத் தொடங்கினார். கிறிசோஸ்தோமின் கிரந்தத்துக்கோ வேறு விதமான வாசகர் கிடைத்தார்: 1658இல் தம் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்த ஜான் ஈவ்லின், துக்கம் ஆறாமல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து மறு ஆண்டில் அச்சிட்டார். வளர்ப்பதற்கு மகன் இல்லாமற்போனபின் மகனை வளர்க்கும் நூலைப் பெயர்த்த அந்தக் கையை நினைக்காமல் அப்புத்தகத்தைப் புரட்ட என்னால் முடிவதில்லை.

சீர்திருத்த காலத்துக்கு வருவோம். 1528இல் சாக்சோனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்த மார்ட்டின் லுத்தர், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் தெரியவில்லை, அதைக் கற்பிக்கவேண்டிய குருமாரில் பலருக்கும் தெரியவில்லை என்று கண்டு மனங்கசந்து, மறு ஆண்டு சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகவே அது வெளிவந்தது. பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகிய ஒவ்வொன்றின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிதாய்க் கற்பிக்கவேண்டும் என்ற கருத்தை அவர் பொறித்தார். கற்க மறுக்கும் பிள்ளைக்கு அன்னபானம் கொடுக்கவேண்டாம் என்று முகவுரையில் எழுதுகிற அளவுக்கு அவர் கோபம் இருந்தது. அதை நாம் பின்பற்றவேண்டியதில்லை. எனினும் அதே ஆண்டில் வந்த பெரிய ஞானோபதேசத்தின் முகவுரையைச் சேர்த்துப் படிப்பவர்கள் அந்தக் கோபத்தின் மறுபக்கத்தைக் காண்பார்கள். தாம் வேதசாஸ்திரப் பண்டிதராயிருந்தும், காலைதோறும் ஒரு சிறுபிள்ளையைப்போல் கற்பனைகளையும் பிரமாணத்தையும் சங்கீதங்களையும் சொல்லுக்குச் சொல் ஒப்புவிப்பதாகவும், தாம் இன்னும் ஞானோபதேசத்தின் மாணாக்கரே என்றும் அவர் அங்கே ஒப்புக்கொள்கிறார். பிற்பாடு 1535இல் தம் நாவிதரான பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்க, ஒரு சிறு நூலையே பதிலாக எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு கற்பனையையும் போதனை, ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, விண்ணப்பம் என நான்கு இழையாகத் திரிக்கும் முறையை அதில் காட்டினார். நாவிதருக்குச் சொன்னதும், நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து தோட்டமும் கனிகளும் குட்டிக்குதிரைகளும் நிறைந்த ஒரு பரலோகத்தை வருணித்து எழுதிய கடிதமும், ஒரே உள்ளத்தின் இரு முகங்கள். மகனுக்குச் சொல்வதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. காலைதோறும் அதை அவர் சேகரித்துக்கொண்டிருந்தார்.

கத்தோலிக்க சபையும் இதற்குப் பின்தங்கவில்லை. திரிதெந்தின் சங்கத்தின் பேரால் 1566இல் குருமாருக்கென ஞானோபதேசம் வெளிவந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறையில் வேறொரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்ப்பித்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, நாளுக்கு இருமுறை அவற்றைப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டுமென்பது சிறுவர்களுக்கு அவர் விதித்த வேலை. வியாதியஸ்தர் வீடுகளுக்கும் தமக்குப் பதிலாகச் சிறுவர்களை அனுப்பி, பிரமாணத்தைச் சொல்லவைத்தார். ஆக, இந்த மண்ணில் கிறிஸ்தவப் போதனை தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குமுன்பே, மகனிடமிருந்து தகப்பனுக்கு ஏறியிருக்கிறது. அதே கரையோரத்து உழைப்பின் பயனாக, தமிழர் அண்டிரிக் அடிகள் என்று அழைத்த ஹென்றீக்கஸ் பாதிரியார் 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கமுள்ள ஒரு ஞானோபதேசம். மறு ஆண்டு கொச்சியில் வந்த கிரீசித்தியானி வணக்கம் குருவும் சீஷனும் வினவி விடையிறுக்கும் நடையில் அமைந்தது. இந்திய எழுத்தில் அச்சேறிய முதற்புத்தகம் ஒரு காவியமோ சட்டமோ அன்று, எளியவர்க்கான ஜெப பாடம் என்பதைத் தமிழிலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அதை முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டியவர்கள் யார் வீட்டுச் சிறுவர்களாயிருப்பார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது நான் சொல்லப்போகும் செய்தி தமிழ்க் கிறிஸ்தவரிடையே போதிய அளவு பரவவில்லை. 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டவர்களாதலால் தேனிய மிஷனரிகள் எனப்பட்டனர். பிறப்பால் இருவரும் ஜெர்மானியரே. சீகன்பால்கு தமிழ் கற்க ஆரம்பித்தது திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதி என்பார்கள். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை அவர் விரைவிலேயே தமிழாக்கினார், பாடசாலைகள் அமைத்தார், 1708இல் தேனியத் தளபதியின் கோபத்துக்காளாகி நான்கு மாதம் சிறையிலும் கிடந்தார். அவரும் தோழரும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709இல் லண்டனில் புத்தகமாயின. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி, லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்தருகே எப்வொர்த் என்ற சிற்றூரில் சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரின் வாசிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது.

1711ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சாமுவேல் சபை மாமன்றத்துக்காக லண்டனில் இருந்தார். வீட்டில் மனைவி சுசன்னா. தம் பெற்றோரின் இருபத்தைந்து மக்களுள் கடைக்குட்டியாய்ப் பிறந்து, தாமும் பத்தொன்பது மக்களைப் பெற்று, அவர்களுள் பதின்மரே பிழைக்கக் கண்டவர் அவர். 1709இல் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஐந்து வயது மகன் ஜானை மாடிச் சன்னலிலிருந்து கடைசி நிமிஷத்தில் இறக்கக் கண்டவர். தீக்குப்பின் பிள்ளைகள் பல வீடுகளில் சிதறி வாழ்ந்து, பாட்டும் பேச்சும் பழக்கங்களும் கெட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். அந்நிலையில் ஒருநாள் மகள் எமிலி தகப்பனின் அறையிலிருந்து தரங்கம்பாடிக் கடிதங்களின் புத்தகத்தைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். அதைப்போல் வேறெதுவும் தம்மைத் தொட்டதில்லை என்றும், பல நாள் வரைக்கும் வேறெதையும் நினைக்கவோ பேசவோ இயலவில்லை என்றும், 1712 பிப்ரவரி 6இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சுசன்னா தெரிவிக்கிறார். தாம் ஆணுமல்லர், ஊழியக்காரருமல்லர். இருந்தாலும் இப்போது செய்கிறதைவிட அதிகம் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தம் பிள்ளைகளிலிருந்தே தொடங்குவதென்று முடிவுசெய்து, ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து அதன் ஆத்தும காரியத்தைப் பேசுவதென ஏற்பாடு செய்தார்: திங்கள் மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு, வெள்ளி பேட்டிக்கு, சனி சார்லசுக்கு, ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும். ஜாக்கி என்று தாய் அழைத்த அந்த எட்டு வயதுச் சிறுவன்தான் பின்னாளில் மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி.

இதற்குள் ஞாயிறு மாலை வீட்டாருக்காக நடந்த ஜெபத்துக்கு அயலார் வரத்தொடங்கி, கூட்டம் இருநூறாய்ப் பெருகியது. உதவிக் குருவானவர் லண்டனுக்குப் புகார் எழுத, கணவர் தடைசெய்து எழுத, சுசன்னா விடையனுப்பினார்: நிறுத்தத்தான் வேண்டுமென்றால் வெறும் விருப்பமாகச் சொல்லாமல் தெளிவான கட்டளையாக எழுதி அனுப்புங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் இதற்குக் கணக்குக் கேட்டால் அந்தக் கட்டளையைக் காட்டி நான் விலகிக்கொள்ளலாம் என்ற பொருளில். கட்டளை வரவில்லை. முன்றானையைத் தலைமேல் போட்டு மூடிக்கொண்டு பிள்ளைகளின் நடுவிலேயே அவர் ஜெபிப்பார் என்று பிற்காலத்தார் சொல்லும் கதை அழகானதேயாயினும், அதை நான் அழுத்தி நம்புவதில்லை, நம்ப அவசியமுமில்லை. கடிதமே போதும். சுசன்னாவிடம் பிள்ளைகளைப் பற்றிய ஒரு திட்டம் முன்னமே இருந்தது. இல்லாதிருந்தது தம்மைப் பற்றிய ஒரு விழிப்பு; அதைக் கொடுத்தது தரங்கம்பாடிச் செய்தி. தாய் விழித்ததால் வியாழக்கிழமை மாலை உண்டாயிற்று.

அந்த மாலைகளுக்குக் கைமேல் பலன் கிடைத்ததா? இதில் அவசரமாகப் புகழ்ந்துவிடலாகாது. ஜான் ஆக்ஸ்போர்டில் நியமங்களுக்குள் நியமம் வகுத்து, மணிக்கணக்காக நாட்குறிப்பு எழுதி, உபவாசித்து, சிறைச்சாலைகளைச் சென்று கண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றம் வரைக்கும் மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பி, கடைசியில் 1738 மே 24 மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவின் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முகவுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், தம் நம்பிக்கை கிறிஸ்துவிலேயே ஊன்றியதாக உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. எத்தனை வியாழன் மாலைகள் இருந்தும் அந்த ஒரு மாலைக்குப் பதிலாகவில்லை. ஆனால் கர்மேல் மலையில் எலியா செய்ததைப் பாருங்கள்: பலிபீடத்தைச் செப்பனிடுவதும் விறகடுக்குவதும் தீர்க்கதரிசியின் வேலை, அக்கினியோ அவன் வேலையன்று, விறகே இல்லாத இடத்தில் இறங்கும் அக்கினியைப் பற்றியும் நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை.

சுசன்னாவின் முறையில் நிழலும் உண்டு. அதை மறைப்பது ஆராய்ச்சியாகாது. ஒரு வயது நிரம்பியதும், சிலர் அதற்கு முன்பே, பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும் அழுதால் மெல்ல அழவும் பழக்கப்பட்டார்கள். பிள்ளையின் சுயசித்தத்தை வெல்வதே பக்தியின் அஸ்திவாரம் என்று அவர் திடமாக எழுதினார். எழுத்துப் பயிற்சி ஐந்தாம் வயதில். ஒரே நாளில் அத்தனை எழுத்தும் வந்துவிடவேண்டும். இருவர் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டதை அவர் குறையாகவே குறித்திருக்கிறார்! எட்டு வயதில் கிரேக்க ஏற்பாட்டை வாசித்த ஹெட்டி, வளர்ந்தபின் வீட்டை மீறி, 1725இல் ஈயக்குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு விருப்பமின்றி மணமுடிக்கப்பட்டு, பெற்ற குழந்தைகளையும் பறிகொடுத்து, தகப்பனின் மன்னிப்பைக் காணாமலே வாழ்ந்தாள். ஒரே அடுக்களையின் திங்களும் செவ்வாயும் வியாழனும் ஒரே விளைவைத் தரவில்லை. ஜான் தாமும் 1748இல் கிங்ஸ்வுட்டில் பள்ளி திறந்து, பிள்ளைகள் காலை நான்கு மணிக்கு எழவேண்டும், விளையாட்டுக்கு நாளே இல்லை என்று விதித்தார். பிள்ளைகள் விளையாடவே செய்தார்கள். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

விதியும் சட்டமும் வேறு இடங்களிலும் சோதிக்கப்பட்டன. 1647இல் ஸ்காட்லாந்துச் சபை குடும்ப ஆராதனைக்கு விதிமுறை வகுத்து, அதை அலட்சியம் செய்யும் குடும்பத் தலைவனை எச்சரிக்கவும், திருந்தாவிட்டால் இராப்போஜனப் பந்திக்கு அவனை விலக்கவும் ஏற்பாடு செய்தது. பிள்ளையை விட்டுத் தகப்பனையே தண்டித்த இந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறதென்பேன். நியூ இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டளவில் சங்கடம் வேறு விதமாக முளைத்தது: ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தும் மனமாறுதலின் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல இயலாத இரண்டாம் தலைமுறையாரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? பாதி உடன்படிக்கை என்ற சமரசத்தால் அதைத் தீர்த்தார்கள். தீரவில்லை. 1847இல் ஹார்ட்போர்ட் நகரத்து ஹோரேஸ் புஷ்னெல், பிள்ளை பாவியாய் வளர்ந்து ஒருநாள் திடீரென்று திரும்பவேண்டுமென்று எதிர்பார்ப்பதே பிழை, தொடக்கமுதலே கிறிஸ்தவனாய் வளரட்டும் என்று எழுதினார்; எழுப்புதல் கூட்டங்களின் காலம் அது; கண்டனம் எழுந்து, வெளியிட்ட சங்கமே புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. எதிர்க்கோடியில் எட்மண்ட் காஸ் என்ற எழுத்தாளர் 1907இல் வெளியிட்ட தந்தையும் மகனும் என்ற சுயசரிதை நிற்கிறது. தாய் மரணப் படுக்கையில் மகனைக் கர்த்தருக்கென்று ஒப்புவித்தாள். பத்து வயதில் பெரியவர்களோடு சமானமாகச் சபையில் சேர்க்கப்பட்டான். அதற்கு முன்னொரு நாள் அச்சிறுவன், விக்கிரக வணக்கத்தைத் தேவன் தண்டிக்கிறாரா பார்ப்போமென்று ஒரு நாற்காலியை மேசைமேல் ஏற்றி அதற்கு ஜெபம் செய்தான், ஒன்றும் நேரவில்லை. தந்தை பிலிப் காஸ் உத்தமர், நேசமுள்ளவர், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி. அவருடைய பக்தி குறையற்றது. ஆனால் மகன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரக்கூடும் என்பதற்கு அதில் இடமே இல்லை. லுத்தரைப்போல் தாமும் இன்னும் மாணாக்கர் என்று அவர் ஒருநாள் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகம் எப்படி எழுதப்பட்டிருக்கும்!

1780இல் குளஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை விருத்தி செய்தபோது, குண்டூசித் தொழிற்சாலையில் ஆறு நாளும் உழைத்து ஏழாம் நாள் தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிப்பதே நோக்கம். அவர்களுக்கு வீட்டில் கற்பிப்பாரில்லை. கற்பிப்பார் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் அங்கே அனுப்பப்பட்டது பிற்பாடு. அந்த நல்ல மனிதர் பேரில் குற்றமில்லை; ஆயினும் அன்றிலிருந்து தகப்பன்மாரின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அவர்களும் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ள அவசரப்படவில்லை. நம் நாட்டிலும் இதே கதைதான். ஞாயிறு பள்ளி, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாம் நடக்கின்றன. ஆசிரியர்கள் பலர் சிரத்தையோடு உழைக்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் மறைக்கல்வி வகுப்புக்கும் புதுநன்மைக்கும் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். அப்புதுநன்மையும் விவரமறியும் ஏழு வயதளவில் கிடைக்கலாயிற்று என்றால், அதற்கு 1910இல் பத்தாம் பத்திநாதர் பிறப்பித்த ஆணையே காரணம். ஆனால் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பெற்றோரைக் காணும்போதெல்லாம், வகுப்பில் இருப்பவர்களைவிட வெளியே போகிறவர்களைப் பற்றியே எனக்குக் கவலை உண்டாகிறது.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, பாயில் எல்லோரும் உட்கார்ந்ததும், வேதாகமத்தை வீட்டிலேயே சிறிய வாசகனிடம் கொடுப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ஓர் அதிகாரத்தைத் தட்டுத் தடுமாறி முடிக்கிறவரைக்கும் பொறுமையாயிருப்பார். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடி, முழங்காலில் நின்று அவர் செய்யும் ஜெபத்தில் ஊரில் நோயுற்றவர், கடன்பட்டவர், மாடு காணாமற்போனவர் எல்லோரும் பெயர் பெயராக வருவார்கள். சிறியவர்கள் நாங்கள் பாதியில் உறங்கிப்போவோம். அவர் எங்களுக்கு எதையும் போதித்ததாக எனக்கு நினைவில்லை. எங்களிடம் வேதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைவிருக்கிறது. சவேரியார் அன்று கடற்கரையில் செய்த ஏற்பாடு, பாட்டியாருக்குத் தெரியாமலே அந்தப் பாயில் தொடர்ந்துகொண்டிருந்தது.

எப்வொர்த்துக்குத் திரும்பி இதை முடிக்கிறேன். 1732இல் ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் ஆசானாயிருந்த ஜான், தாய்க்கு எழுதிய கடிதத்தில், முன்பு தமக்கென ஒதுக்கிய வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியை இனிக் கடிதமாகவாவது தமக்குத் தரவேண்டுமென்று கேட்டார். பிள்ளைகளை வளர்த்த முறையை எழுதித் தரும்படியும் வற்புறுத்திவந்தார். சுசன்னாவுக்கு அதில் இஷ்டமில்லை. முறையென்று சொன்னால் உலகத்தை முழுதும் துறந்தாலன்றி ஒருவரும் அதைக் கைக்கொள்ள இயலாது, பிள்ளைகளின் ஆத்துமாவை ஈடேற்றலாம் என்ற நம்பிக்கைக்காகத் தன் வாலிபத்தின் இருபது ஆண்டுகளுக்குமேல் யார் கொடுப்பார்கள் என்று தயங்கினார். அதுவே தம் பிரதான நோக்கமாயிருந்ததென்றும், ஆனால் அதைத் திறமையோடோ வெற்றியோடோ தாம் நடத்தவில்லை என்றும் எழுதினார். பின்பு ஜூலை 24இல், மகன் கேட்டபடியே எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினார். அக்கடிதத்தைப் பெற்றபோது மகனுக்கு வயது இருபத்தொன்பது; ஆல்டர்ஸ்கேட் மாலைக்கு இன்னும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இருந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மரித்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் கடிதங்கள் சேர்ந்த வீட்டின் பெயரை அவர் அறிந்திருக்க வழியில்லை.